கம்பெனி காசு, காலேஜ் மூளை... கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்?

2024 மே 30, காலை 7.15 மணி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு சின்ன ராக்கெட் கிளம்பியது. அது இஸ்ரோவுடையது அல்ல. சென்னையைச் சேர்ந்த அக்னிகுல் காஸ்மோஸ் என்ற தனியார் நிறுவனத்துடையது. நான்கு முறை தள்ளிப்போய், ஐந்தாவது முறைதான் பறந்தது. அதன் இன்ஜின் பல பாகங்களைச் சேர்த்து வெல்டிங் செய்தது அல்ல. 3டி பிரின்டிங்கில் ஒரே துண்டாக அச்சிடப்பட்டது.

ஸ்ரீநாத் ரவிச்சந்திரனும் மொயினும் 2017இல் அந்த நிறுவனத்தைத் தொடங்கியபோது, ஐஐடி மெட்ராஸில் எரிதல் தொடர்பான ஆய்வுகளில் பெயர் பெற்ற பேராசிரியர் சத்யா சக்கரவர்த்தி உடன் நின்றார். ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் இருந்த அறிவு, ஏழே ஆண்டுகளில் ஏவுதளம் வரை போயிருக்கிறது.

செய்தியில் வருவது இந்தப் பகுதிதான். இன்னொரு பகுதி வெளியே வருவதே இல்லை. ஒரு கம்பெனியும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆராய்ச்சி செய்யும்போது, முதல் நாளே கையெழுத்தாகும் ஒப்பந்தம்தான் அது. கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம், முடிவை வெளியே சொல்லலாமா, அந்த ஆய்வில் இரவு பகலாக உழைக்கும் பிஎச்டி மாணவருக்கு என்ன மிஞ்சும் என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் நடுவில் ஒரு பள்ளம்

முதலில் ஒரு ஏணியைப் புரிந்துகொள்வோம். ஒரு தொழில்நுட்பம் எவ்வளவு 'ரெடி' என்று அளக்க நாசா உருவாக்கிய அளவுகோல் ஒன்று உண்டு. 1 முதல் 9 வரை படிகள். ஒன்றாவது படியில் வெறும் அறிவியல் கருத்து மட்டும் இருக்கும். நான்காவது படியில் பாகங்களை ஆய்வக மேசையில் இணைத்துச் சோதித்துப் பார்த்திருப்பார்கள். ஏழில், நிஜமான சூழலில் மாதிரி வடிவம் ஓடும். ஒன்பது என்றால் முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது என்று பொருள்.

பேராசிரியருக்கு மூன்று, நான்கு வரை வந்தாலே போதும்; ஆய்வுக் கட்டுரை வந்துவிடும், மாணவருக்குப் பட்டமும் கிடைத்துவிடும். கம்பெனிக்கோ ஏழுக்குக் கீழே இருக்கும் எதுவும் ரிஸ்க். நடுவில் இருக்கும் படிகளுக்குச் செலவு அதிகம், பெருமை குறைவு. நல்ல யோசனைகள் பலவும் சாவது அங்கேதான். துறைக்குள் இதற்கு 'மரணப் பள்ளத்தாக்கு' என்றே பெயர்.

இந்தியாவில் இந்தப் பள்ளம் இன்னும் ஆழம். நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 0.64 சதவீதம்தான் ஆராய்ச்சிக்குப் போகிறது. தென்கொரியாவில் இது 4 சதவீதத்துக்கும் மேல். அதைவிட முக்கியமான வித்தியாசம், அந்தப் பணத்தை யார் போடுகிறார்கள் என்பது. தென்கொரியாவில் பெரும்பகுதி நிறுவனங்களின் பணம். இங்கே தனியார் தொழில்துறையின் பங்கு ஏறக்குறைய 36 சதவீதம். மீதியில் பெரும்பங்கு அரசினுடையது.

அதனால்தான் சமீபத்திய அரசுத் திட்டங்கள் எல்லாம் கம்பெனிகளை உள்ளே இழுக்கப் பார்க்கின்றன. 2023இல் சட்டம் இயற்றி உருவாக்கப்பட்ட அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் திட்டமிட்ட தொகை 50,000 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து வரும் என்பது கணக்கு. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 1 லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி நிதி, நான்காவது படியும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்குக் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன் தரும். பள்ளத்தின் மேல் பாலம் கட்டும் வேலை என்று வைத்துக்கொள்ளலாம்.

போட்டோவில் இருப்பது ஒப்பந்தம் இல்லை

பொன்னாடை, பூங்கொத்து, இரண்டு பேர் ஃபைலை மாற்றிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிப்பது... 'பிரபல நிறுவனத்துடன் கல்லூரி புரிந்துணர்வு ஒப்பந்தம்' என்ற செய்தியை வாரம் ஒருமுறையாவது பார்த்திருப்பீர்கள். அந்த எம்ஓயு பெரும்பாலும் யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. 'சேர்ந்து வேலை செய்ய விருப்பம்' என்று சொல்வதோடு சரி. அந்த போட்டோவோடு முடிந்துபோகும் எம்ஓயுக்கள் ஏராளம்.

நிஜமான வேலை அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும். அது சில வகைகளில் நடக்கிறது. கம்பெனிக்கு ஒரு பிரச்சினை, பேராசிரியருக்கு அதற்கு விடை தெரியும், கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லிவிடுகிறார் என்றால் அது கன்சல்டன்சி. விடை யாருக்கும் தெரியாது, இரண்டு மூன்று ஆண்டுகள் தேடிப் பார்க்க வேண்டும், அதற்கு ஆள், கருவி, ரசாயனம் என்று கம்பெனி பணம் தருகிறது என்றால் அது ஸ்பான்சர்டு ரிசர்ச். பல்கலைக்கழகம் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருப்பதைக் கம்பெனி வாங்கிப் பயன்படுத்தினால் அது லைசென்ஸ்.

இந்த வித்தியாசம் வெறும் பெயர் விவகாரம் இல்லை. கன்சல்டன்சியில் பொதுவாக முடிவு முழுவதும் பணம் கொடுத்தவருக்கே. ஸ்பான்சர்டு ரிசர்ச்சில் உரிமை பேச்சுவார்த்தைக்கு உட்பட்டது. வரியிலும் இது எதிரொலித்தது. ஆராய்ச்சி மானியத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி கேட்டு உயர்கல்வி நிறுவனங்களுக்கு நோட்டீஸ் போய்ப் பெரிய சலசலப்பு கிளம்பியது. 2024 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில், அரசும் தனியாரும் தரும் ஆராய்ச்சி மானியங்களுக்கு விலக்குத் தரப் பரிந்துரைத்த பிறகுதான் அது அடங்கியது. கன்சல்டன்சி கட்டணத்துக்கு இந்த விலக்கு கிடையாது.

தரமணி காட்டிய வழி

தமிழ்நாட்டுக்கு இது புதுசு என்று சொல்ல முடியாது. கோவையில் 1926இல் தொடங்கிய பிஎஸ்ஜி தொழில் நிறுவனத்தின் வளாகத்திலேயே 1951இல் பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. மோட்டாரும் பம்பும் தயாராகும் இடத்துக்குப் பக்கத்திலேயே வகுப்பறை. மாணவர்களுக்குத் தொழிற்சாலை என்பது கல்விச் சுற்றுலா போகும் இடமாக இல்லை.

ஆனால் இதை ஒரு முறையான அமைப்பாகவே கட்டியது தரமணியில் இருக்கும் ஐஐடி மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்கா. பல்கலைக்கழகம் சார்ந்த ஆராய்ச்சிப் பூங்காக்களில் இந்தியாவில் முதலாவது. 2010இல் செயல்படத் தொடங்கியது. இதன் பின்னணியில் ஒரு பழைய அனுபவம் இருக்கிறது. 1990களில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெநெட் குழு, வீடுகளுக்குக் கம்பி இழுக்காமலே போன் இணைப்பு தரும் கார்டெக்ட் தொழில்நுட்பத்தை உருவாக்கியது. ஐஐடியின் முன்னாள் மாணவர்கள் தொடங்கிய மைதாஸ் நிறுவனமும், சிப் தயாரிக்கும் அமெரிக்காவின் அனலாக் டிவைசஸும் கூட்டாளிகள். கிராமங்களுக்குக் குறைந்த செலவில் போன் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் நோக்கம். பிறகு செல்போன் அலையில் கார்டெக்ட் காணாமல் போனது. ஆனாலும் பேராசிரியர், மாணவர், கம்பெனி மூவரும் தினமும் பார்த்துப் பேசிக்கொண்டால் என்ன நடக்கும் என்பது அப்போது தெரிந்துவிட்டது.

ஆராய்ச்சிப் பூங்காவில் இடம் வேண்டுமென்றால் வாடகை கட்டினால் மட்டும் போதாது. இங்கேதான் சுவாரஸ்யம். ஒவ்வொரு நிறுவனமும் ஐஐடியோடு சேர்ந்து வேலை செய்து 'கிரெடிட்' சம்பாதிக்க வேண்டும். மாணவருக்கு இன்டர்ன்ஷிப் கொடுத்தால் கிரெடிட். பேராசிரியரிடம் ஆலோசனை வாங்கினால் கிரெடிட். ஆய்வுத் திட்டத்துக்குப் பணம் கொடுத்தாலோ, தன் ஊழியரை அங்கே பிஎச்டி படிக்க அனுப்பினாலோ அதற்கும் உண்டு. கல்லூரி மாணவர் செமஸ்டருக்குக் கிரெடிட் சேர்ப்பது போல, கம்பெனியும் சேர்க்க வேண்டும்! சும்மா ஐஐடி பக்கத்தில் ஆபீஸ் போட்டு, விசிட்டிங் கார்டில் அந்த முகவரியை அச்சடித்துக்கொள்ளும் ஆட்களைத் தவிர்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஏத்தர் ஸ்கூட்டரின் கதை இங்கே தொடங்கியதுதான். தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் என்ற இரண்டு ஐஐடி மெட்ராஸ் முன்னாள் மாணவர்கள் 2013இல் தொடங்கினார்கள். முதல் ஸ்கூட்டர் 2018இல் பெங்களூருவில் விற்பனைக்கு வந்தது. ஆலை ஓசூரில் அமைந்தது. 2025 மே மாதம் நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலானது. யோசனையிலிருந்து பங்குச் சந்தை வரை 12 ஆண்டுகள். காலாண்டுக்கு ஒருமுறை லாபக் கணக்குப் பார்க்கும் கம்பெனிக்கும், ஐந்தாண்டு பிஎச்டிக்கும் ஏன் ஒத்துப்போவதில்லை என்பது இந்த எண்ணிலேயே தெரிகிறது.

'எங்களைக் கேட்காமல் வெளியிடக் கூடாது'

சரி, ஆய்வு முடிவு கம்பெனிக்குப் பிடிக்காமல் போனால்?

இதற்கு உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் இன்றும் சொல்லும் உதாரணம் அமெரிக்காவின் பெட்டி டாங். சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மருந்தியல் நிபுணர். தைராய்டு குறைபாட்டுக்கான சின்த்ராய்டு என்ற மாத்திரை அப்போது சந்தையில் ராஜா. விலை குறைந்த மற்ற மாத்திரைகள் அதற்கு ஈடாகாது என்பது அதைத் தயாரித்தவர்களின் பிரசாரம். அதை நிரூபிக்க ஓர் ஆய்வு தேவைப்பட்டது. பணமும் கொடுத்து, 1987இல் டாங்குடன் ஒப்பந்தம் போட்டார்கள்.

1990இல் ஆய்வு முடிந்தது. முடிவு தலைகீழ். சோதித்த நான்கு மாத்திரைகளும் ஒரே மாதிரிதான் வேலை செய்தன. விலை குறைந்ததைப் பயன்படுத்தினால் அமெரிக்காவில் ஆண்டுக்கு 35.6 கோடி டாலர் மிச்சமாகும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு.

அப்போது சின்த்ராய்டைக் கையில் வைத்திருந்த பூட்ஸ் நிறுவனம், ஆய்வின் முறையிலேயே கோளாறு என்று சண்டை போட்டது. புகழ்பெற்ற ஜாமா மருத்துவ இதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டு, 1995 ஜனவரியில் வெளியிடத் தயாராக இருந்தது. கடைசி நேரத்தில் டாங் அதைத் திரும்பப் பெற்றார். காரணம், அவர் கையெழுத்திட்டிருந்த ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வரி. நிறுவனத்தின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் முடிவுகளை வெளியிடக் கூடாது. வழக்கு வந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பல்கலைக்கழக வழக்கறிஞர்களும் கைவிரித்துவிட்டார்கள்.

அதற்குள் இன்னொன்றும் நடந்தது. டாங்கின் தரவையே எடுத்து, நேர்மாறான முடிவோடு, நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் வேறோர் இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். 1996இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் விஷயத்தை வெளியே கொண்டுவந்த பிறகுதான் நிலைமை மாறியது. ஜாமாவில் அந்தக் கட்டுரை வெளியானது 1997 ஏப்ரலில். ஆய்வு முடிந்து ஏழு ஆண்டுகள் கழித்து! அதுவரை விலை உயர்ந்த மாத்திரையை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் சாதாரண நோயாளிகள். அவர்கள் தரப்பில் பிறகு வழக்குகளும் வந்தன.

கம்பெனியின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்பே ஆய்வை வெளியிட்டுவிட்டால், அது 'புதியது' என்ற தகுதியை இழந்துவிடும். இந்தியச் சட்டத்திலும் சில விதிவிலக்குகளைத் தவிர இதுதான் நிலை. அதனால் வெளியிடும் முன் எங்களுக்குக் காட்டுங்கள் என்று கேட்பது நியாயம். உலகின் பல பல்கலைக்கழகங்கள் இதற்கு 60 முதல் 90 நாட்கள் வரை அவகாசம் தருகின்றன. அந்த நாட்களுக்குள் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடலாம். முழு விவரங்களைத் தாக்கல் செய்ய இந்தியாவில் 12 மாதம் நேரம் உண்டு. காத்திருக்கச் சொல்வது வேறு, சம்மதம் கேட்கச் சொல்வது வேறு. டாங் கையெழுத்திட்டது இரண்டாவது வகையில்.

காப்புரிமை: எண்ணிக்கையும் உரிமையும்

அமெரிக்காவில் 1980இல் வந்த பே-டோல் சட்டம் ஒரு பெரிய திருப்பம். அரசுப் பணத்தில் நடந்த ஆய்வின் காப்புரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ளலாம், கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்றது அது. இந்தியாவும் அதே பாணியில் 2008இல் மாநிலங்களவையில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. பொதுமக்கள் வரிப்பணத்தில் உருவான கண்டுபிடிப்பை ஒரே கம்பெனியிடம் பூட்டி வைக்க இது வழிவிடும் என்று கடும் எதிர்ப்பு வர, அது சட்டமாகவே இல்லை. ஆக, இங்கே பொதுவான விதி எதுவும் இல்லை. அந்தந்த நிறுவனத்தின் ஐபி கொள்கை, அந்தந்த ஒப்பந்தம், அவ்வளவுதான். வலுவான சட்டப் பிரிவு வைத்திருக்கும் ஐஐடிக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஒரு கல்லூரி, பெரிய நிறுவனத்தின் வக்கீல்கள் அனுப்பும் 40 பக்க வரைவை எப்படிப் படிக்கும்?

இன்னொரு பக்கம், காப்புரிமையே நோக்கமாகிவிடும் ஆபத்தும் உண்டு. 2021இல் கல்வி நிறுவனங்களுக்குக் காப்புரிமைக் கட்டணத்தில் 80 சதவீதம் குறைக்கப்பட்டது. என்ஐஆர்எஃப் தரவரிசையிலும் காப்புரிமைக்கு மதிப்பெண் உண்டு. எந்தக் கம்பெனியும் லைசென்ஸ் கேட்காத காப்புரிமை, சுவரில் மாட்டிய சான்றிதழ்தான். ஒரு பல்கலைக்கழகம் 'இத்தனை காப்புரிமை' என்று விளம்பரம் கொடுத்தால், அதில் எத்தனை லைசென்ஸ் ஆனது என்று கேட்டுப் பாருங்கள்.

கத்தரிக்காய் மேசையில் இல்லாதவர்கள்

கம்பெனி, பல்கலைக்கழகம் இரண்டும் சம்மதித்துவிட்டால் போதுமா? கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு இதில் ஒரு அனுபவம் உண்டு.

2005 வாக்கில் மஹிகோ விதை நிறுவனம், தன்னிடமிருந்த பிடி மரபணுவைக் கோவை, தார்வாட் வேளாண் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்தது. பல்கலைக்கழகங்கள் அதைத் தங்கள் கத்தரி ரகங்களில் சேர்க்க வேண்டும். கோவையின் பட்டியலில் கோ 2, மதுரை எம்டியு 1, பாலூர் பிஎல்ஆர் 1, கிள்ளிகுளம் கேகேஎம் 1 ஆகியவை இருந்தன. லாபம் தரும் வீரிய ஒட்டு விதைகள் கம்பெனிக்கு. விவசாயி தானே விதை எடுத்துக்கொள்ளக்கூடிய சாதாரண ரகங்கள் பல்கலைக்கழகத்துக்கு, அதுவும் குறைந்த விலையில். காகிதத்தில் பார்த்தால் அழகான பங்கீடு.

2010 பிப்ரவரி 9 அன்று அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பிடி கத்தரிக்குத் தடை போட்டார். அதே ஆண்டு கர்நாடகத்தில் இருந்து வேறொரு கேள்வி கிளம்பியது. இந்த நாட்டு ரகங்களைப் பயன்படுத்த யாரிடம் அனுமதி வாங்கினீர்கள்? 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி அனுமதி பெறவில்லை என்ற புகாரில், தேசிய பல்லுயிர் ஆணையம் 2011இல் சட்ட நடவடிக்கை எடுக்க முடிவு செய்தது. சம்பந்தப்பட்டவர்கள் குற்றச்சாட்டை மறுத்தார்கள். அந்த ஆணையத்தின் அலுவலகம் இருப்பதும், தற்செயலாக, அதே தரமணியில்தான். மரபணு கம்பெனியுடையது, ஆய்வகம் பல்கலைக்கழகத்துடையது. ஆனால் அந்தக் கத்தரியைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தவர்கள் ஒப்பந்தத்தில் எங்குமே இல்லை.

நடுவில் நிற்கும் மாணவர்

இந்த மொத்த ஏற்பாட்டிலும் குறைவான பேரபலம் உள்ளவர் ஆய்வு மாணவர். ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். கம்பெனி திட்டத்தில் சேர்ந்தால் நல்ல கருவிகள், சில சமயம் கூடுதல் தொகை, படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை. உண்மையிலேயே நல்ல வாய்ப்புதான். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது பேராசிரியரும் நிர்வாகமும். மாணவர் கையெழுத்திடுவது பெரும்பாலும் ரகசியம் காக்கும் உறுதிமொழியில் மட்டும்.

சிக்கல் ஆய்வேட்டில் வந்து நிற்கும். யுஜிசி விதிப்படி, பிஎச்டி பட்டம் அறிவிக்கும் முன் ஆய்வேட்டின் மின் பிரதியை இன்ஃப்ளிப்நெட்டுக்குத் தர வேண்டும். யார் வேண்டுமானாலும் படிக்கும் சோத்கங்கா தளத்துக்கு அது போகும். 'எதையும் வெளியே சொல்லாதே' என்று ஒரு காகிதம், 'எல்லாவற்றையும் வெளியே வை' என்று ஒரு விதி. இரண்டுக்கும் நடுவில் ஐந்தாண்டு உழைப்பு. சில ஆய்வகங்கள் இதற்கு நடைமுறையில் ஒரு வழி வைத்திருக்கின்றன. கம்பெனியின் நிஜ அளவீடுகளுக்குப் பதிலாக ஒப்பீட்டு எண்களைப் போடுவார்கள். உலோகக் கலவையின் வணிகப் பெயர் இருக்காது, அதன் தன்மை மட்டும் இருக்கும். ஆனால் எது ரகசியம், எது ஆய்வேட்டில் வரலாம் என்பது முதலிலேயே பிரித்து எழுதப்பட்டிருந்தால்தான் இது வேலைக்கு ஆகும்.

அப்படி ஒரு திட்டத்தில் சேரும் முன் மாணவர் தன் வழிகாட்டியிடம் தயங்காமல் கேட்க வேண்டியவை உண்டு. வெளியீட்டுக்கு அவகாசமா, சம்மதமா? கம்பெனி பாதியில் பணத்தை நிறுத்தினால் உதவித்தொகை எங்கிருந்து வரும்? நிறுவனத்தில் கொள்கை மாறித் திட்டம் கைவிடப்படுவது சகஜம். பிஎச்டியை அப்படிக் கைவிட முடியாது. வேறு கம்பெனியில் இதே துறையில் வேலைக்குப் போகத் தடை ஏதும் இருக்கிறதா? 'அதெல்லாம் பார்த்துக்கலாம்பா' என்று பதில் வந்தால், பார்க்கப்படவில்லை என்று அர்த்தம்.

காப்புரிமை விண்ணப்பத்தில் பெயர் இருக்கிறதா என்பதும் முக்கியம். உரிமை பல்கலைக்கழகத்துக்கோ கம்பெனிக்கோ போகலாம். கண்டுபிடித்தவர் யார் என்பது வேறு விஷயம். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, கண்டுபிடித்தவர் தன் பெயரைக் குறிப்பிடச் சொல்லிக் கோர வழி தருகிறது. அதற்குப் பணப் பலன் எதுவும் கிடையாது, வெறும் பெயர்தான். ஆனால் கோரிக்கையைக் காப்புரிமை வழங்கப்படும் முன்பே கொடுத்துவிட வேண்டும்.